வினாக்குறி என்னும் காவல்

இணையச் செயலி எழுதப் பயிலும் மாணவன் தரவுத்தளத்தோடு உரையாடத் தொடங்குங்கால் எதிர்ப்படும் அற்புதங்களுள், என் மனத்தை மிகவும் கவர்ந்தது, ஜாவாவின் ஜேடிபிசி முறையில் வினவலின் நடுவே இடப்படும் சிறிய வினாக்குறியேயாகும். 1970-இல் எட்கர் காட் வகுத்தளித்த உறவுமுறைத் தத்துவமும், அதன்மீது 1974-இல் சேம்பர்லினும் பாய்ஸும் சமைத்த வினவல் மொழியும் மகத்தானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், முகமறியாத ஒருவர் உலாவியில் தட்டச்சு செய்யும் எழுத்துக்களை அப்படியே கட்டளை வாக்கியத்தில் ஒட்டிவிட்டால், ஓ'பிரையன் என்ற சாதுவான பெயரிலுள்ள ஒற்றை மேற்கோள் குறியே வாக்கியத்தைச் சிதைத்துவிடும் என்பதையும், துஷ்டன் ஒருவன் அதே துவாரத்தின் வழியே தன் கட்டளையைப் புகுத்தி அட்டவணை முழுவதையும் அபகரிக்கக்கூடும் என்பதையும் உணர்ந்தவர்களுக்கே வினாக்குறியின் பெருமை விளங்கும். வாக்கியத்தின் அமைப்பு முன்னரே நிச்சயிக்கப்பட்டுவிட, மதிப்பு தனியே வந்து அக்குறியின் இடத்தில் அமர்கிறது. எத்தனை விபரீதமான எழுத்துக்களைச் சுமந்து வரினும், அது தரவாகவே கொள்ளப்படுமேயன்றிக் கட்டளையாக மாறுவதில்லை. இதைப் பிற்பாடங்களுக்கு ஒத்திவையாமல் முதல் வினவலிலேயே புகட்டுவதுதான் உத்தமம் என்பது என் திடமான அபிப்பிராயம். அட்டவணையின் பெயரையோ நெடுவரிசையின் பெயரையோ இக்குறி ஏற்பதில்லை. அந்த எல்லையும் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஒரே வினவல் பன்முறை நிகழுமிடத்து, ஒருமுறை பகுத்தாய்ந்த வாக்கியத்தையே பல தரவுத்தளங்கள் மீண்டும் கையாளுவதால், காலமும் மிச்சமாகிறது.