வெளிப்படுத்தின விசேஷம்: மறைபொருளும் உரைநெறியும்

விவிலியத்தின் இறுதி நூலுக்குப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'வெளிப்படுத்தின விசேஷம்' எனப் பெயரிட்டது; 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் 'திருவெளிப்பாடு' என்றது. மூலமான கிரேக்கச் சொல்லுக்குத் திரை நீக்குதல் என்பது பொருள். ஆயினும் ஏழு தலை விலங்கும், நான்கு குதிரைகளும், 666 என்னும் எண்ணும் இந்நூலுக்குத் திரையிட்டது போலவே தோன்றுகின்றன. இவற்றிற்குப் பொருள் காணக் கிறித்தவ அறிஞர் கைக்கொண்ட நெறிகளை அறிவது, செய்யுளுக்கு உரை சொல்லும் தமிழாசிரியர்க்கும் பயன் தரும்.

அந்நெறிகளை நான்காகப் பகுப்பர். நூல் தோன்றிய உரோமப் பேரரசுச் சூழலில் வைத்துப் பொருள் காண்பது ஒன்று; திருச்சபை வரலாறு முழுவதையும் அதனுள் வரிசையாகக் காண்பது ஒன்று; இனி வரும் இறுதிக்காலத்தின் முன்னறிவிப்பாகக் கொள்வது ஒன்று; நன்மைக்கும் தீமைக்கும் எக்காலத்தும் நிகழும் போரின் குறியீடாகக் கொள்வது மற்றொன்று.

இவற்றுள் முதலாவதே அடிப்படையாதற்கு உரியது. 'எட்டும் இரண்டும்' என்றால் அகர உகரங்களை நினைக்கும் தமிழர்க்கு, எழுத்தே எண்ணாதல் புதிதன்று. நீரோ சீசர் என்னும் பெயரின் எபிரேய எழுத்துகளைக் கூட்டின் 666 வரும். சில பழஞ்சுவடிகளில் 616 என்னும் பாடம் உண்டு. அப்பெயரின் இலத்தீன் வடிவில் ஈற்றெழுத்து இல்லாமையால் 50 குறைகிறது. பாடபேதமும் அப்பெயரையே சுட்டுவது இவ்வுரைக்கு வலிமை சேர்க்கிறது. பாபிலோன் என நூல் கூறுவதும் உரோமையே என்பர். எருசலேம் ஆலயத்தை முன்னர்ப் பாபிலோனியரும், கி.பி. 70-இல் உரோமரும் அழித்தனர்.

இத்தகு ஆய்வு மேலைநாட்டார் அண்மையில் கண்ட புதுமை எனக் கருதற்க. மூன்றாம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியா ஆயர் தியோனீசியு, இந்நூலையும் யோவான் நற்செய்தியையும் மொழிநடையால் ஒப்பிட்டு, இரண்டும் ஒருவர் எழுதியவையாகா என்றார். ஆயினும் நூலைத் தள்ளிவிடவில்லை. ஔவையார் ஒருவரா பலரா என நம் அறிஞர் ஆய்ந்த முறையும் இதுவே.

சூழலை மறந்து நாள் குறிப்பதன் விளைவு யாது? தமிழ் அந்தணர் குடும்பத்தில் பிறந்து கிறித்தவரான யுஸ்துஸ் யோசேப்பு, 1875-இல் திருவிதாங்கூரில் 'யூயோமயம்' என்னும் சபையைத் தோற்றுவித்து, 1881-இல் கிறித்துவின் இரண்டாம் வருகை நிகழும் என்றார். அவ்வாண்டு வந்து கழிந்தது. உலகம் வழக்கம்போல் நடந்தது. துன்புறுவோர்க்கு ஆறுதலாக எழுந்த நூல், கணக்கரின் ஏடாகச் சுருங்கியதே கண்ட பயன்.

இவ்விலக்கிய வகைக்கு உறவான நூல் நம் மொழியிலும் உண்டு. 1841-இல் எழுதப்பெற்றதாகக் கூறப்படும் அகிலத்திரட்டு அம்மானை, கலியின் அழிவையும் தருமயுக வருகையையும் பாடுகிறது. திருவிதாங்கூர் அரசனைக் 'கலிநீசன்' என்றும், ஆங்கிலேயரை 'வெண்ணீசன்' என்றும் குறிக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பது நம் கருத்தன்று. ஒடுக்கப்பட்டோர் ஆள்வோரை வேறு பெயரால் சுட்டி, கொடுமைக்கு முடிவுண்டு என நம்பும் மனநிலை இரண்டிற்கும் பொது.

எனினும் முதல் நெறிக்கும் ஓர் எல்லை உண்டு. விலங்கு நீரோ மன்னனே என்று முடித்துவிட்டால், நூல் அருங்காட்சியகப் பொருளாகிவிடும். சூழலால் பொருளை வரையறுத்து, பின்னர்க் குறியீட்டால் விரிப்பதே முறை. உள்ளுறை உவமத்தில் கருப்பொருளை முதலில் அறிந்து, அதன்பின் மறைபொருளை உணர்கிறோம் அல்லவா?

எங்கோ போர் மூண்டால், இதுதான் அந்த விலங்கோ என வினவும் மாணவர் கோப்பெங் போன்ற சிற்றூரிலும் உளர். அவர்தம் நம்பிக்கையைப் பழிப்பது ஆசிரியர்க்கு அழகன்று. அச்சத்தை வளர்ப்பதும் அறமன்று. யார், யாருக்கு, எத்துன்பத்தினிடையே எழுதினர் என வினவக் கற்பிப்போம். அவ்வினா அச்சத்தைப் போக்கும். நூலின் ஆறுதலையும் மீட்டுத் தரும்.