ஐந்து துளைகளின் சாட்சியம்

ஸ்பிரிங்-பிஸ்டன் ஏர் ரைஃபிளை ட்யூன் செய்து தருகிறவர்கள் இப்போதெல்லாம் துப்பாக்கியோடு ஓர் அட்டையையும் சேர்த்து அனுப்புகிறார்கள். அட்டையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஐந்து துளைகள். ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் மறைந்துபோகும். வேலை சுத்தம் என்பதற்கு அதுவே சாட்சியாம். எனக்கு அந்தச் சாட்சியின் மேல் என்றைக்குமே நம்பிக்கை வந்ததில்லை.

ட்யூனிங் வீண்வேலை அல்ல. உள்ளே தாங்கும் தண்டான கைடின் மேல் தொளதொளவென்று கிடக்கும் ஸ்பிரிங், சுட்டதும் ‘டொய்ங்’ என்று அதிர்வது எல்லோருக்கும் தெரியும். கைடை இறுக்கமாகக் கடைந்து போட்டு, கிரீஸை மெல்லிசாகத் தடவினால் அது அடங்கிவிடும். வேகத்தைக் குரோனோகிராஃப் சொல்லிவிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உரிமம் தேவைப்படாத ஏர் ரைஃபிளுக்கு வரம்பு 12 அடி-பவுண்டு, 8.44 கிரெயின் பெல்லட் விநாடிக்கு 780 அடி போனால் 11.4 வருகிறது. இதிலெல்லாம் சண்டை இல்லை.

சண்டை பெல்லட்டில்தான். ஜேஎஸ்பி, ஹெச் அண்டு என், ஆர்டபிள்யூஎஸ் என்று எட்டு டப்பா வாங்குவது. ஒவ்வொன்றிலும் ஐந்து சுடுவது. ஐந்து துளைகளும் சேர்ந்த ‘குரூப்’ எதில் சின்னதோ அதுவே ‘இந்தத் துப்பாக்கிக்குப் பிடித்த பெல்லட்’. குரூப்பை எப்படி அளக்கிறோம்? மிகவும் விலகிய இரண்டு துளைகளின் இடைவெளியை. நடுவில் விழுந்த மூன்றுக்கும் பேச்சுரிமையே கிடையாது. இப்படி அளக்கும் ஐந்து குண்டுக் குரூப், எதையும் மாற்றாமலே, தன் சராசரியில் கால்வாசிக்கு மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். சராசரி 15 மி.மீ. என்றால், அதே துப்பாக்கி, அதே டப்பா, அதே கை, 11-ம் சுடும், 19-ம் சுடும். எட்டு டப்பாவிலும் ஒரே பெல்லட்டை அடைத்து, லேபிளை மட்டும் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். 10-ஐ ஒட்டி ஒரு ‘சாம்பியன்’ வரும், 20-ஐ ஒட்டி ஒரு ‘குப்பை’யும் வரும். குலுக்கல் சீட்டு எடுத்துவிட்டு அதைச் சோதனை என்கிறோம்.

அடுத்த கூத்து இன்னும் மோசம். ஸ்பிரிங்கை மாற்றி, அந்தச் சாம்பியனை மறுபடி சுட்டால் 14 வரும். வரத்தான் செய்யும்; முதலில் வந்த 10 அதிர்ஷ்டம். பழி புது ஸ்பிரிங்கின் தலையில் விழுகிறது. நல்ல ஸ்பிரிங் கழற்றி எறியப்படுகிறது.

ஐந்தோடு நிறுத்துவதற்கு ஒரு வக்காலத்து உண்டு. ஸ்பிரிங் துப்பாக்கி பிடிக்கும் விதத்துக்கேற்ப மாறுவது. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே தள்ளும், பிஸ்டன் காற்றில் மோதி நிற்கும்போது முன்னே இழுக்கும். ஆகவே அதிகம் சுட்டால் கைச் சோர்வும் கணக்கில் ஏறிவிடும் என்கிறார்கள். முதல் பாதி சரி. ஆனால் ஐந்தோடு நிறுத்தினால் கையின் பிழை போய்விடுமா? ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். சோர்வுதான் பயமென்றால் டப்பாக்களை மாற்றி மாற்றி, வேறு வேறு நாளில் சுடலாமே. ஒவ்வொரு துளையும் மையத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று அளந்து சராசரி எடுக்கலாமே. செய்வதில்லை. மாறாக, ஐந்தாவது குண்டு விலகினால் ‘அது நான் இழுத்துவிட்டது’ என்று தள்ளுபடி செய்து, நான்கை அளக்கிறார்கள்.

சோதனை என்றால் இப்படி இருக்கவேண்டும்: பிரிட்டனின் கார்டியூ தந்தையும் மகனும் ஹெச்டபிள்யூ 35 என்ற ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் ஒன்றை, எதுவும் எரிய முடியாத நைட்ரஜனுக்குள் வைத்துச் சுட்டார்கள். வேகம் வெகுவாகக் குறைந்தது; வழக்கமாகச் சுடும்போது உள்ளே எண்ணெய்ப் பசையும் எரிந்து உதவுகிறது என்று தெரிந்தது. ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்தார்கள். ட்யூன் செய்கிறவர்களிடம் நான் கேட்பதும் அதுதான்: ஒரே டப்பாவிலிருந்து, கழற்றுவதற்கு முன் இருபது, மாட்டிய பின் இருபது. என் கைக்கு வந்த அட்டைகளில் ‘முன்’ என்று எழுதிய அட்டை ஒன்றுகூட இல்லை.