ஆடுகளத்தில் அயற்பாத்திரங்கள்

கதை கேட்பதும் கதை சொல்வதும் மாந்தர்க்கு நெடுங்காலமாய்ப் பழகிய இன்பங்கள். பலர் கூடியிருந்து கதையை அவ்வப்பொழுதே ஆக்கி, அதனுள் தாமே பாத்திரமாய் உலவும் இன்பம் அவ்விரண்டினும் வேறானது. அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 1974ஆம் ஆண்டில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டு அவ்வின்பத்திற்கு நூல்வடிவம் தந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் அதன் ஆசிரியர்கள். மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் நடுவராய் இருந்து ஓர் உலகையும், அதன் ஊர்களையும் காடுகளையும் பகைகளையும் சொல்லால் படைத்துக் காட்டுவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் செய்வது இன்னதென உரைப்பர். செயல் கைகூடுமா என்பதில் ஐயம் எழும்போது பகடை உருளும். ஒரே இரவில் முடிந்துவிடும் ஆட்டமன்று இது. பாத்திரம் உயிரோடிருக்கும் வரை, மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் தொடரக்கூடியது.

இத்தகைய ஆட்டத்தில் ஒருவர் எதை வேண்டுமாயினும் தம் பாத்திரமாகக் கொள்ளலாமா? நால்வர் மறவராகவும் மந்திரவாதியாகவும் ஆட ஒருப்பட்டிருக்கையில், ஐந்தாமவர் 'என் பாத்திரம் ஒரு டிராகன்' என்பாராயின் நடுவர் யாது செய்வது? விளையாட்டுச் செய்திதானே என்று புறந்தள்ளத்தக்க வினா அன்று இது. கூட்டாகப் படைக்கப்படும் ஒரு கதையில் தனியொருவரின் கற்பனைக்கு எவ்வளவு இடம் என்னும் கேள்வியே இங்கு விளையாட்டின் உருவில் வந்து நிற்கிறது. தனித்திருந்து புதினம் எழுதும் ஆசிரியனுக்கு இத்தொல்லை இல்லை. அவனுடைய பாத்திரங்கள் ஒன்றின்மீது ஒன்று வழக்குத் தொடுப்பதில்லை.

1974ஆம் ஆண்டின் மூன்று சிறுநூல்களுள் முதலாவது, இவ்வினாவிற்குச் சில வரிகளிலேயே விடை கூறிவிடுகிறது. ஏறத்தாழ எப்பாத்திரத்தையும் ஏற்கத் தடையில்லை. ஆயினும் அது எளிய நிலையில் தொடங்கிப் படிப்படியாக மேலேற வேண்டும் என்பதே அவ்விடையின் கருத்து. டிராகனாக ஆட விரும்புபவர் இளம் டிராகனாகத் தொடங்க வேண்டும் என்று எடுத்துக்காட்டும் தருகின்றனர் ஆசிரியர்கள். ஏறவேண்டிய படிகளை வகுக்கும் பொறுப்பு நடுவரிடம் விடப்பட்டது. விதிநூல் என்ற வகையில் இது குறையுடைய பகுதியே. படிகள் எவை என்று ஒரு சொல்லும் இல்லை. எனினும் பின்னர் வந்த பெருநூல்கள் பல தவறவிட்ட ஒரு நுட்பம் இவ்வரிகளில் உண்டு. விருப்பத்தை மறுக்காமல், அதன் பயனை மட்டும் காலத்தின் கையில் ஒப்படைக்கின்றன அவை. டிராகனாக இருப்பது உடனே கிட்டும். டிராகனின் வலிமை ஆடி ஈட்டவேண்டியது.

ஐந்தாண்டுகளில் காற்று திசைமாறிற்று. 1979இல் கைகாக்ஸ் தனித்து எழுதி வெளியிட்ட நடுவர் கையேட்டில், அரக்க உருவங்களைப் பாத்திரமாக ஏற்பது பற்றித் தனிப்பகுதி ஒன்று அமைந்துள்ளது. பேயாகவோ டிராகனாகவோ ஆட விரும்புவோருள் பெரும்பாலோர், பிறரை விஞ்சி ஆட்டத்தைத் தம் கைக்குள் கொண்டுவரவே அவ்வாறு விரும்புகின்றனர் என்பது அவர் வாதம். மேலும் இவ்விளையாட்டு மாந்தரை நடுவாகக் கொண்டது; மாந்தரல்லாத ஓர் இனத்தின் வாழ்வை முழுமையாகக் கற்பித்து நடத்துவது நடுவர்க்கு அரிது என்பதும் அவர் கூற்று.

இவற்றுள் இரண்டாவது காரணம் வலியது. மாந்தன் பசிப்பான், அஞ்சுவான், கடன்படுவான், ஊரார் பழிக்கு நாணுவான் என்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. டிராகன் எதற்கு நாணும்? அதனை ஆடுபவரும் அறியார், நடுவரும் அறியார். அறியாத இடத்தில் நிகழ்வது பெரும்பாலும் இதுதான்: டிராகன் என்னும் பெயர் நிற்கும், உள்ளே இருப்பவன் செதில் போர்த்த சாதாரண மறவன். முதற்காரணமோ பாதி உண்மை. ஆதிக்க வேட்கையால் அரக்க உருவைக் கேட்போர் உளர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வேட்கை உடையவருக்கு டிராகன் தேவையில்லை. வாளேந்திய மாந்தனைக் கொண்டே அவர் மேசையை ஆண்டுவிடுவார். நோய் ஆடுபவரிடத்தில் இருக்க, மருந்தைப் பாத்திரத்திற்குப் புகட்டுவதால் யாது பயன்? கேட்பவரின் நோக்கத்தை ஐயுற்றுக் கேட்கப்பட்ட பொருளையே விலக்கிவிடுவது, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் எளிய வழியாகவே முடிகிறது.

இங்குக் கம்பனின் விபீடணன் அடைக்கலப் படலம் நினைவுக்கு வருதல் இயல்பு. பகைவனின் தம்பி, பிறப்பால் அரக்கன், வானரப் படையின் நடுவே இடம் கேட்டு நிற்கிறான். இராமன் உடனிருப்போரின் கருத்தைக் கேட்கிறான். சுக்கிரீவனும் சாம்பவனும் நீலனும் மறுக்கின்றனர். அனுமன் ஏற்கச் சொல்கிறான். மறுத்தோரின் ஐயம் பொருளற்றதன்று; போர்க்களத்தில் எழவேண்டிய ஐயமே அது. ஆயினும் வந்தவனின் குலம் எது என்பதைவிட அவன் மனம் எத்தகையது என்பதே அங்கு முடிவைத் தருகிறது. ஏற்றபின் அவன் சும்மா இருக்கவில்லை. இலங்கையின் காவலை அவனே விரித்துரைக்கிறான். உடன்பிறந்தோர் வீழ்வதைக் கண்டு கலங்கும் துயரமும் அவனுக்கே உரியதாகிறது. படையில் வேறெவராலும் சுமக்க இயலாத சுமை அது. அயலானை உள்ளே விடுவதால் கதைக்கு வரும் ஆக்கம் இதுவே.

விளையாட்டின் விதிநூலார் இவ்வழியை நாடாது கணக்கை நாடினர். 1974 முதலே குள்ளர் இனத்தவர் ஆறாம் படிநிலைக்கு மேலும், ஹாபிட் இனத்தவர் நான்காம் படிநிலைக்கு மேலும் ஏற இயலாது என்று வரம்பு இருந்தது, மாந்தர்க்கு வரம்பில்லை. மாந்தர் அல்லாதார்க்குச் சில தனித்திறன்களைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக வளர்ச்சியைக் குறைத்தனர். இதன் பிழை காலத்தைப் பற்றியது. திறன் முதல் நாளிலேயே கிட்டுகிறது. தண்டனையோ ஆண்டுகள் கழித்து வருகிறது. பல ஆட்டங்கள் அவ்வளவு நாள் நீடிப்பதே இல்லை. அங்கெல்லாம் வரம்பு வெறும் ஏட்டுச்சுரைக்காய். நீடிக்கும் ஆட்டத்திலோ, நெடுநாள் உழைத்த ஒருவர் தோழர் மேலே செல்வதைப் பார்த்துக்கொண்டு வாயிலில் நிற்க நேர்கிறது. இளம் டிராகன் பற்றிய வரிகளின் நேர்மாறான ஏற்பாடு இது.

2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு இவ்வரம்பை நீக்கிற்று. அதற்கு அடுத்த ஆண்டுகளில், வலிமை மிக்க இனத்தாரைச் சில படிநிலை கூடுதலாக மதிப்பிடும் முறை நிலைபெற்றது. நிலத்தடியில் வாழும் கருநிற எல்ஃப் இனத்தவராகிய டிரௌ இரு படிகள் கூடுதலாகக் கணிக்கப்பட்டனர். கணக்கு ஒப்புக்கொள்ளத்தக்கதே. ஆனால் ஆடிப் பார்த்தால், மூன்றாம் படியில் நிற்கும் தோழரோடு முதற்படியின் உடல்வலியுடன் போர்க்களம் புகவேண்டிய நிலை. முதல் அடியிலேயே சாய்ந்துவிடும் பாத்திரத்திற்கு எத்தனை தனித்திறன் இருந்தென்ன? 2003இல் வெளிவந்த 'சாவேஜ் ஸ்பீஷீஸ்' என்னும் நூல், அரக்க உருவங்களின் ஆற்றலைப் படிப்படியாகப் பகுத்துத் தந்தது. முழு உருவின் ஆற்றலும் ஒருசேரக் கிட்டாது, ஒவ்வொரு படியிலும் சிறிது சிறிதாகவே வளரும். இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் சில வரிகளில் சொல்லப்பட்டதையே ஒரு முழு நூலாக விரித்தனர் எனலாம்.

டிரௌ இனத்தாரின் கதை தனித்து நோக்கத்தக்கது. 1978இல் வெளிவந்த ஆட்டநூல்களில் அவர்கள் கொடிய பகைவராக அறிமுகமாயினர். 1985இல் அவர்களைப் பாத்திரமாக ஏற்க விதிநூல் இடம் தந்தது. 1988இல் ஆர். ஏ. சால்வடோர் எழுதிய புதினத்தில் டிரிஸ்ட் என்னும் டிரௌ வீரன் தோன்றினான். தன் இனத்தின் கொடுமையை வெறுத்து வெளியேறியவன்; இருகையிலும் வாள் ஏந்தியவன்; செல்லும் ஊரெல்லாம் ஐயுறப்படுபவன். வாசகர் அவனை நெஞ்சில் ஏற்றனர். விளைவு என்ன? குலத்தைத் துறந்து தனித்தலையும் நல்லுள்ளம் படைத்த டிரௌ, ஆடுகளங்களில் அலுக்குமளவு பெருகிவிட்டான். அரிதாய் இருந்ததனால் அழகாய் இருந்தது பொதுவாகிய பின் வெறும் உடையாகிறது. எதையும் அனுமதிக்கும் நடுவர் எதிர்நோக்கவேண்டிய இடர், அரக்கர் மிகுவதன்று. புதுமை என்னும் பெயரில் படியெடுப்பு மிகுவதே.

அவ்வினத்திற்கு இருந்த ஒரு குறையும் இங்கு எண்ணத்தக்கது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் டிரௌ வெயிலைத் தாங்கார். பகலொளியில் அவர் குறி தவறும், பார்வை மழுங்கும். 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் இக்குறை நீக்கப்பட்டது. அண்மைப் பதிப்புகளில் நீக்கப்பட்டவற்றுள் சில நீங்கவேண்டியவையே. 2016ஆம் ஆண்டு நூலொன்றில் ஓர்க் இனத்தவர் அறிவிற் குறைந்தவர் என்று எண்ணால் குறிக்கப்பட்டிருந்தது 2020இல் திருத்தப்பட்டதைக் குறை சொல்ல இயலாது. பிறப்பால் ஓரினம் மடமையுடையது என்பது கற்பனை உலகிலும் கசக்கும் கருத்து. ஆனால் வெயிலைத் தாங்காமை அத்தகையதன்று. வெயிலுக்கு அஞ்சும் தோழன் ஒருவன் உடனிருந்தால் கூட்டம் இரவில் நடக்க வேண்டும். பகலில் மற்றவர் காவல் நிற்க வேண்டும். உச்சிப்பொழுதில் போர் மூண்டால் நண்பன் ஒருவன் அவன் பக்கத்தில் நின்று கேடயம் பிடிக்க வேண்டும். அக்குறை தோழர்க்கெல்லாம் வேலை தந்தது. அதை நீக்கியதால் ஆடுபவர்க்கு வசதி பெருகிற்று. டிரௌ பகலில் நிற்கும் காட்சியில் இருந்த கதை போயிற்று.

எனவே நடுவர் கேட்கத்தக்க கேள்வி, இப்பாத்திரம் விதியில் உண்டா என்பதோ, வலிமையில் மிகுமா என்பதோ அன்று. இது பிறர்க்கு என்ன பங்கு தரும் என்பதே. இளம் டிராகன் ஊர்வாயிலுக்கு வருகிறது, காவலர் கதவடைக்கின்றனர். அதற்காகப் பேசுவார் யார், அதன் பொருட்டுப் பிணை நிற்பார் யார், அதன் பசிக்கு ஆடு வாங்குவார் யார் என்று மேசையில் உள்ள மற்றவர்க்கு வாய் திறக்க இடம் கிடைக்குமானால் டிராகன் வரலாம். ஒவ்வொரு வாயிலிலும் டிராகனின் பெருமையே பேச்சாகி, ஏனையோர் கவரி வீசும் ஏவலராய் நிற்பரேல் வரலாகாது. இரண்டும் ஒரே டிராகன்தான். ஆடுபவரும் மேசையும் வேறு.

நடுவரிடத்திலும் ஒரு தீங்கு உண்டு; அது மறுப்பினும் கொடியது. வாயால் இசைவு தந்துவிட்டு, ஒவ்வோர் ஊரிலும் மக்களைக் கல்லெறியச் செய்து, ஒவ்வொரு சத்திரத்திலும் இடமில்லையென்று விரட்டி, ஆடுபவர் தாமே சலித்துப் பாத்திரத்தைக் கைவிடுமாறு செய்வோர் உளர். வெறுப்பைச் சந்திப்பது கதையாகும். வெறுப்பைத் தவிர வேறெதையும் சந்திக்கவியலாமை தண்டனையாகும். இல்லை என்று முதலிலேயே நேர்படச் சொல்லும் நடுவர் இவரினும் மேலானவர். மாந்தர் மட்டுமே வாழும் உலகொன்றை அவர் பல நாள் உழைத்துப் படைத்திருக்கலாம். அவ்வுலகின் ஒருமையைக் காப்பதும் கலையுணர்வே. முயல்களாக மட்டுமே ஆடும் 'பன்னீஸ் அண்ட் பர்ரோஸ்' என்னும் விளையாட்டு 1976இலேயே வந்துவிட்டது. அங்கு மறவனாக ஆட ஒருவர் விரும்பினால், அவரன்றோ அயற்பாத்திரம்?

1974இன் நூல் வெளிவருமுன், மினியாபோலிஸ், செயின்ட் பால் என்னும் இரட்டை நகர்ப்புறத்தில் ஆர்னசன் 'பிளாக்மூர்' என்னும் தம் கற்பனை நாட்டை நண்பர்க்கு நடத்தி வந்தார். அவ்வாட்டத்தின் தொடக்க நாள்களைப் பற்றிச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. ஆடுவோருள் ஒருவரின் பாத்திரம் இரத்தக் காட்டேரியாக மாறிற்று. சர் ஃபாங் என்பது அதன் பெயர். நாளடைவில் எவராலும் எதிர்க்கவொண்ணா வலிமை பெற்றது. கைகாக்ஸ் பின்னாளில் அஞ்சியது அப்படியே நிகழ்ந்துவிட்டது. ஆர்னசன் அப்பாத்திரத்தைப் பறிக்கவில்லை, கணக்கால் குறைக்கவுமில்லை. காட்டேரியை எதிர்க்கவல்ல சமயகுரு ஒருவர் ஆட்டத்தில் தோன்றினார். அப்பாத்திரத்தை ஏற்றவர் மைக் கார். திரைப்படங்களில் காட்டேரியைச் சிலுவையால் விரட்டும் வேட்டைக்காரரின் சாயல் அக்குருவிடம் இருந்தது.

நூல் அச்சேறியபோது, மறவன், மந்திரவாதி என்பவற்றோடு சமயகுரு மூன்றாம் பாத்திரவகையாக அமைந்தது. நடமாடும் பிணங்களைக் குரு விரட்டுவதற்கான அட்டவணை ஒன்றும் உடன் இடம்பெற்றது. அது எலும்புக்கூட்டில் தொடங்கி இரத்தக் காட்டேரியில் முடிகிறது. டிராகனாக ஆட இசைவு தரும் வரிகள் உள்ள அதே சிறுநூலில்தான் அவ்வட்டவணையும் உள்ளது.