மாமாங்கத்து இராட்டினத்துக்கு யார் பொறுப்பு?

அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலில் கொடியேறிய நாள் தொடங்கி ஆடி அமாவாசைத் தீர்த்தம் வரை இரண்டு விதமான கூட்டம் வருவதாகச் சிலர் பேசுவார்கள். பிதிர்க்கடன் கழிக்க வருவது ஒரு கூட்டமாம், பிள்ளைகளோடு கடைத்தெருவுக்கு வருவது மற்றக் கூட்டமாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. காலையில் தீர்த்தக் குளத்தில் முழுகிய அதே மனிசன்தான் பின்னேரம் பேரப்பிள்ளையை இராட்டினத்தில் ஏற்றிவிட்டுக் கீழே நின்று கையசைக்கிறார். கண்ணகிக்காக ஊரே வடசேரி, தென்சேரி என்று பிரிந்து கொம்புமுறி விளையாட்டு ஆடிய பிரதேசம் இது. ஆகவே "கோயிலடியில் களியாட்டம் எதற்கு?" என்ற வாதத்தை இங்கே எடைபோடப் போவதில்லை. காசு வாங்கிக்கொண்டு ஆளைச் சுற்றிவிடுகிற, பரிசைக் காட்டி ஆசை மூட்டுகிற இயந்திரங்களுக்கு யார் அனுமதி கொடுப்பது, எதைப் பரிசோதித்துக் கொடுப்பது என்பதே கேள்வி.

அமிர்தகழி மட்டக்களப்பு மாநகர சபையின் எல்லைக்குள் இருப்பதால் முதல் பொறுப்பு சபைக்கு. இந்த விடயத்தைத் தொட்ட சட்டங்களோ பெரும்பாலும் வயதானவை. 1889 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் பந்தயம் கட்டுவதையும், பணயம் வைத்து ஆடுவதையும், அதற்கென்று இடம் நடத்துவதையும் குறிவைத்தது. 1946 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் களியாட்ட வரிக் கட்டளைச் சட்டம் காசு கொடுத்து உள்ளே போகும் காட்சிகளுக்கும் விளையாட்டுகளுக்கும் வரி விதிக்க உள்ளூராட்சிச் சபைக்கு அதிகாரம் தந்தது. 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் உபவிதிகள் ஆக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. 2025 இல் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குமுறைக்கென ஒரு அதிகாரசபையை அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் கவனம் கசினோக்களிலும் இணையச் சூதாட்டத்திலும் இருக்கிறது. ஆடிமாதத்தில் லொறியில் வந்திறங்கிப் பத்து நாளில் கழற்றிக்கொண்டு போகும் இராட்டினத்தை அது ஏறெடுத்தும் பார்க்கப்போவதில்லை.

இவற்றில் ஒன்று பணயத்தைத் தேடுகிறது, இன்னொன்று நுழைவுச் சீட்டைத் தேடுகிறது. இராட்டினத்தின் அச்சாணியைத் தேடுவது எதுவும் இல்லை. அதைச் செய்ய வேண்டியது உபவிதிதான்.

அச்சாணியைப் பார்க்காமல் சீட்டை மட்டும் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு ராஜ்கோட் இருக்கிறது. 2024 மே 25, சனிக்கிழமை பின்னேரம், குஜராத்தின் அந்த நகரிலிருந்த 'டிஆர்பி கேம் சோன்' என்ற விளையாட்டுக் கூடத்தில் தீ மூண்டு 27 பேர் இறந்தார்கள். பள்ளி விடுமுறைக் காலம். இறந்தவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். தகரமும் இரும்பும் கொண்டு தற்காலிகமாக எழுப்பிய கூடம் அது. உள்ளே ஒட்டுவேலையின் தீப்பொறி, பக்கத்தில் ஜெனரேட்டருக்கும் சிறு பந்தயக் கார்களுக்கும் சேர்த்து வைத்த எரிபொருள். சீட்டு விற்கப் பொலிஸ் அனுமதி இருந்தது, தீயணைப்புப் பிரிவின் தடையின்மைச் சான்று இருக்கவில்லை. இடிக்கும்படி மாநகராட்சி முந்தின ஆண்டே அறிவித்தல் கொடுத்திருந்தது, இடிக்கவில்லை. அதே இடத்தில் முன்பு ஒரு சிறு தீ பிடித்து அணைக்கப்பட்டதும் பிறகு தெரியவந்தது. மறுநாள் ஞாயிறென்றும் பாராமல் குஜராத் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. அதன்பிறகே அந்த மாநிலம் இராட்டினங்களுக்கும் விளையாட்டுக் கூடங்களுக்குமென்று தனி விதிகள் எழுதியது.

இந்தக் கதையில் சட்டம் இல்லாத குறையைவிடப் பெரியது, ஒவ்வொரு அலுவலகமும் தன் கடதாசியை மட்டும் பார்த்ததுதான். பொலிசுக்குக் கூட்டம், சபைக்குக் கட்டடம், தீயணைப்புக்குச் சான்று. மூன்றையும் ஒருசேரப் பார்க்கும் கையெழுத்து ஒன்றுகூட இருக்கவில்லை. மட்டக்களப்பில் இந்த நிலை மாறுபட்டது என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ், இடத்துக்கும் வரிக்கும் சபை, மின் இணைப்புக்கு மின்சார சபை. இராட்டினம் சுற்றுமா, நிற்குமா என்பது முதலாளியின் மனச்சாட்சிக்கு.

பரிசு இயந்திரங்களின் சங்கதி வேறு. அங்கே உயிராபத்து இல்லை, ஏமாற்று உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் இரும்பு நகம் இறங்கிப் பொம்மையைக் கவ்வும் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கிறவர் அதைக் கைத்திறன் என்று நினைக்கிறார். ஆனால் இத்தகைய பெட்டிகள் பலவற்றில் நகம் எத்தனை ஆட்டத்துக்கு ஒருமுறை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதை உரிமையாளரே உள்ளே அமைத்து வைக்கலாம். மற்ற நேரமெல்லாம் நகம் பொம்மையைத் தூக்கிவிட்டு நழுவவிடும். சட்டத்தரணிகள் நூறாண்டாகப் பிடித்துக்கொண்டிருக்கும் திறனா, அதிர்ஷ்டமா என்ற அளவுகோல் இங்கே முறிந்துபோகிறது. பிள்ளையின் திறனும் முடிவுசெய்யவில்லை, அதிர்ஷ்டமும் முடிவுசெய்யவில்லை. கடைக்காரர் முடிவுசெய்கிறார். இந்திய உச்ச நீதிமன்றம் 1995 இல் எம்.ஜே. சிவானி வழக்கில் வீடியோ விளையாட்டுக் கூடங்களுக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயம் என்பதை ஏற்றுக்கொண்டபோது, வெல்லும் வாய்ப்பைக் குறைக்க இயந்திரங்களில் கைவைக்கலாம் என்பதும் அதன் முன் இருந்த பிரச்சினைகளில் ஒன்று.

யப்பானியர் இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. நகப்பெட்டியை அவர்கள் தடைசெய்யவில்லை. உள்ளே வைக்கும் பரிசின் மதிப்புக்கு எல்லை போட்டார்கள். 800 யென்னாக இருந்த அந்த எல்லை 2022 இல் 1000 யென் ஆனது. பரிசு பொம்மை அளவிலேயே நின்றால் ஏமாற்றமும் பொம்மை அளவிலேயே நிற்கும். பெட்டிக்குள் கைத்தொலைபேசி வந்து உட்காரும்போதுதான் அது சூதாகிறது. இங்கே சபை எழுத வேண்டியது ஒரேயொரு வரி: ஒரு ஆட்டத்தின் விலையைப் போல இத்தனை மடங்குக்கு மேல் பெறுமதியான பரிசு வைக்கக் கூடாது, பரிசைக் காசாக மாற்றிக் கொடுக்கக் கூடாது.

வயதுத் தடை, நேரத் தடை பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நியூயோர்க் 1942 இல் பின்பால் இயந்திரங்களைத் தடைசெய்தது, நகரபிதா சுத்தியலால் அடித்து நொறுக்கிப் படமும் எடுத்துக்கொண்டார். 1976 இல் அதே நகரம் தடையை நீக்கியது. தமிழ்நாடு காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை விதித்தது, சென்னை உயர் நீதிமன்றம் 2025 யூனில் அதைச் சரியென்றது. கைத்தொலைபேசி ஆட்டத்துக்கு அந்த நேரக்கட்டு ஓரளவு பொருந்தும். மாமாங்கத்தில் அதற்கு வேலையில்லை. பள்ளிக்கூடப் பையனைக் கூடாரத்திலிருந்து துரத்தினால் அவன் மதிலோரம் குந்தியிருந்து கைத்தொலைபேசியில் 'ஃப்ரீ ஃபயர்' ஆடுவான். கூடாரத்திலாவது அவனை நாலு பேர் பார்க்கிறார்கள்.

எதிர்வாதம் ஒன்று பாரமானது. ஊர் ஊராகத் திருவிழாவுக்குத் திரிகிறவர்கள் பெரிய முதலாளிகள் அல்ல. விதி கூடக் கூட, கையூட்டுக்கான கதவுகளும் கூடும். பரிசோதகர் ஒருவர் வந்து வாசலில் நிற்பதையே தொழிலாக்கிக்கொள்ளலாம். இந்தப் பயம் நியாயமானது. ஆனால் அது தெளிவற்ற விதிக்கு எதிரான வாதம், விதிக்கே எதிரானதல்ல. "பொது ஒழுங்குக்கு ஊறு விளைவிக்காத வகையில்" என்று எழுதிவைத்தால் கையூட்டு வளரும். "இயக்குவதற்கு முன் பொறியியலாளர் கையொப்பமிட்ட சான்று, இரண்டு வெளியேறும் வழி, எரிபொருள் இத்தனை மீற்றர் தள்ளி, ஒவ்வொரு நாளும் ஆளில்லாமல் ஒரு சுற்று ஓடவிட்டுப் பார்த்த பதிவேடு" என்று எழுதினால் பேரம் பேச இடம் குறைவு. அந்தச் சான்றைக் கூடாரத்தின் முன்னே தொங்கவிடச் சொன்னால் பிள்ளையின் தகப்பனும் ஒரு பரிசோதகராகிறார். கையொப்பமிடத் தகுதியானவர்களுக்காகக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது.

என் தீர்ப்பு இதுதான்: தடை வேண்டாம், ஒழுக்கப் பிரசங்கமும் வேண்டாம், இயந்திரத்தைப் பரிசோதிக்கும் விதி வேண்டும். ஆனால் அதை உபவிதியாகவே கொண்டுவர நினைத்தால் பாதை நீளம். சபை நிறைவேற்றினாலும் அமைச்சரின் ஒப்புதலும் வர்த்தமானியும் தேவை. கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்தது முதல் மாகாண அமைச்சர் என்று ஒருவர் இல்லை, ஆளுநர்தான். உள்ளூராட்சிச் சபைகளும் 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலே ஓடின. ஆகவே உபவிதி வரட்டும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இராட்டினம் நிற்கும் நிலம் சபையினுடையதானால் குத்தகை ஒப்பந்தத்திலும் கேள்விப்பத்திரத்திலும் இந்த நிபந்தனைகளை எழுதச் சபைக்கு யாருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை. நிலம் கோயிலினுடையதானால் கோயில் நிருவாகம் எழுதலாம். அதிக குத்தகை சொன்னவருக்கு இடம் என்ற வழக்கம் மட்டும் முதலில் போக வேண்டும், ஏனென்றால் அதிகக் காசு கட்டியவர் அதை ஈடுகட்டுவது பராமரிப்புச் செலவில் கைவைத்துத்தான்.