உருவும் ஒழுக்கமும்

உருமாறும் உயிர்களின் காதற்கதை என்றதும் வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவோர் உளர். கிரீஷ் கர்னாட் கன்னடத்தில் எழுதி 1988இல் வெளிவந்த 'நாகமண்டலம்' நாடகத்தை அவ்வாறு ஒதுக்க நமக்கு மனம் ஒப்பவில்லை. ஏ. கே. இராமானுஜன் வழிக் கேட்ட நாட்டுப்புறக் கதைகளே அதன் வேர்.

அப்பண்ணா தன் மனைவி இராணியை வீட்டினுள் வைத்துப் பூட்டுகிறான். நண்பகலில் உண்ண மட்டும் வருகிறான். இரவில் அவனுருக் கொண்டு வரும் நாகமோ பரிவோடு பேசுகிறது. அரபியில் உருவத்தை 'ஸூரத்' என்பர். வாழ்வொழுக்கத்தை 'ஸீரத்' என்பர். இங்கே ஸூரத் கணவனுடையது, ஸீரத் பாம்பினுடையது. நாடகத்தின் நயம் இதுவே. எனினும் நாகம் செய்ததும் வஞ்சமே. அதனை நாம் ஏற்பதற்கில்லை.

வஞ்சம் அறியாத இராணி கருவுற்றதும் ஊர் கூடி விசாரிக்கிறது. நாகத்தைக் கையிலேந்தி அவள் சத்தியம் செய்த பின்னரே நம்புகிறது. தெய்வமென வணங்கவும் செய்கிறது. பூட்டி வைத்தவனுக்கோ விசாரணை இல்லை. ஊரின் இந்நீதியை ஆசிரியர் எள்ளலோடு காட்டுகிறார் என்பதே நம் கருத்து.

துறைமுகத்திலும் ஆலைகளிலும் முறைவேலை பார்ப்போர் மிகுந்த இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் இல்லங்களில் இந்நாடகம் படிக்கப்பட வேண்டும். களைத்து வருபவனின் இரண்டு கனிந்த சொற்களுக்காக ஒரு பெண் காத்திருக்கிறாள். அவள் சொல்லை நம்ப அற்புதம் எதற்கு?