தோப்புக் கேமராவும் ஐப்பசி மழையும்

கிணற்று மோட்டாரின் தாமிர ஒயரை இரவோடு இரவாக அறுத்துக்கொண்டு போகிறார்களே என்ற கவலையில்தான் தோப்புக்காரர்கள் பலர் கேமராவைத் தேடுகிறார்கள். வீடு ஊருக்குள் இருக்கும். தோப்பு தள்ளி இருக்கும். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மின்சாரம் இலவசம் என்றாலும் அது தண்ணீர் இறைப்பதற்கு உரியது. கேமராவுக்கென்று தனி இணைப்பு வாங்கிக் கம்பம் நட்டு ஒயர் இழுத்தால், கேமரா விலையைவிடச் செலவு அதிகம். இழுத்த ஒயருக்கும் காவல் வேண்டும். இப்படிப்பட்ட இடத்துக்குச் சோலார் கேமராதான் சரி. மின்வெட்டு அதைத் தொடாது. ஏணியும் ஒரு சிம் கார்டும் இருந்தால் ஒரே நாளில் மாட்டிவிடலாம்.

ஆனால் விற்பவர்கள் மெகாபிக்சல் கணக்கையே சொல்கிறார்கள். வாங்குபவர் கேட்க வேண்டியது மின்சாரக் கணக்கு. இரவும் பகலும் படம்பிடித்து 4ஜியில் அனுப்பும் கேமரா 6 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 144 வாட்-மணி. கேமராவுக்குள் 2600 மில்லி ஆம்பியர்-மணி செல்கள் நான்கு இருந்தால், முழுக்க ஏறிய நிலையிலும் கிடைப்பது 38 வாட்-மணிதான். ஆறு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதனால்தான் சிறிய சோலார் கேமராக்கள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருந்து, ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் விழிக்கின்றன. விழிப்பதற்குள் ஓரிரு நொடி போய்விடும். வேகமாக நடப்பவர் அதற்குள் கடந்துவிட்டால் பதிவில் முதுகு மட்டுமே இருக்கும். சித்திரை வெயிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. பி.ஐ.ஆர். சென்சார் உடல் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டை வைத்தே ஆளைக் கண்டுகொள்கிறது. பகல் வெப்பம் 37 டிகிரியைத் தொடும்போது அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய குறை ஐப்பசி, கார்த்திகையில்தான் தெரியும். அடைமழை பிடித்தால் மூன்று நாள் வெயில் முகமே காட்டாது. தோப்புப் பக்கம் யாரும் போகமாட்டார்கள்; மழைச் சத்தத்தில் நாய் குரைத்தாலும் கேட்காது. திருடனுக்கு வசதியான அந்த இரவில்தான் பேட்டரியும் காலியாகிறது. மூன்று நாள் தொடர்ந்து ஓட 432 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட்டில் 36 ஆம்பியர்-மணி. பேட்டரியை அடிவரை வடியவிடக் கூடாது என்பதால் 45 வைப்பது நல்லது. சோலார் தகடு 80 வாட்டுக்குக் குறையக் கூடாது. கேமராவின் தலையில் ஒட்டிவரும் உள்ளங்கை அளவுத் தகடு இதற்குப் பக்கத்தில்கூட வராது.

தகட்டைக் கேமராவோடு சேர்த்தே மாட்டுவதும் தவறு. கேமரா வழியைப் பார்க்க வேண்டும். தகடு தெற்கு வானத்தைப் பார்க்க வேண்டும். தென்னந்தோப்பில் ஒரே ஒரு ஓலையின் நிழல் குறுக்கே விழுந்தாலும், செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் மின் உற்பத்தி பெரிதும் சரிந்துவிடும். காக்கை எச்சமும் அப்படித்தான். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தே ஆக வேண்டும்.

டேட்டாவையும் மறக்க வேண்டாம். நொடிக்கு ஒரு மெகாபிட் வீதம் ஓடினால் ஒரு நாளைக்குப் பத்து ஜிபிக்கு மேல் ஆகும். தினம் 2 ஜிபி தரும் பிளான் ஐந்து மணி நேரம்கூடத் தாங்காது.

வாசல் கேட்டுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் தூங்கி விழிக்கும் சிறிய கேமரா போதும். மோட்டார் இருக்கும் இடத்துக்குத் தனித் தகடும் தனிப் பேட்டரியும் கொண்டதையே வாங்குங்கள். “வெயிலே இல்லாமல் இது எத்தனை நாள் ஓடும்?” என்று கடைக்காரரிடம் கேட்டு, அவர் சொல்லும் பதிலை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.