திருவாசகமும் மேனாட்டுப் பல்லியமும்

திருவாசகத்துக்கு உருகாத நெஞ்சம் வேறெதற்கும் உருகாது என்பது தமிழுலகில் வழங்கும் பழமொழி. அந்நூலின் சில பகுதிகளை மேனாட்டுப் பல்லியத்தோடு இணைத்து இளையராஜா இசைத்தட்டாக வெளியிட்டது 2005ஆம் ஆண்டு சூன் திங்கள் 30ஆம் நாள். சென்னை மியூசிக் அகாடமியில் நிகழ்ந்த அவ்வெளியீடு பாராட்டையும் பூசலையும் ஒருங்கே எழுப்பியது. இசைக்குள் சொல் வாழ்ந்ததா, மாய்ந்ததா என்பதே தமிழாசிரியர் எழுப்பவேண்டிய வினா. இசையின் பருமையைக் கண்டு வியந்து நின்றுவிடுதல் திறனாய்வு ஆகாது.

பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையிலக்கணம் பயின்றவர். 1976இல் திரையுலகில் நுழைந்தவர். சகத் கசுபர் அடிகளாரின் தமிழ் மையம் இம்முயற்சிக்குத் துணைநின்றது. அங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. ஆங்கிலப் பகுதிகளை அமெரிக்க நாடகப் பாடலாசிரியர் ஸ்டீபன் சுவார்ட்ஸ் இயற்றினார். முதன்மைக் குரல் பெரும்பாலும் இளையராஜாவினுடையதே. சைவ நூலொன்றுக்குக் கிறித்தவத் துறவி ஒருவர் துணைநின்றது புதுமையன்று. 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து ஆக்சுபோர்டில் அச்சிட்ட போப்பையரும் கிறித்தவத் தொண்டரே அன்றோ!

முதற்கண் பெயரை நோக்குவோம். இதனைச் 'சிம்பொனி' என்றே பலரும் வழங்கினர். சிம்பொனி என்பது பெரும்பான்மையும் கருவியிசையால் பல பகுதிகளாய் அமைவது. சமயப் பொருளைத் தனிக்குரலும் கூட்டுக்குரலும் பல்லியமும் சேர்ந்து இசைப்பதை மேனாட்டார் 'ஆரட்டோரியோ' என்பர். இத்தட்டு அவ்வினத்தையே சாரும். இளையராஜாவின் 'வேலியண்ட்' என்னும் சிம்பொனி இலண்டனில் அரங்கேறியது 2025 மார்ச்சு 8ஆம் நாளிலேயே. பெயர் வேறுபாடு சிறிதெனத் தோன்றினும் பொருள் உடையது. சிம்பொனியெனின் இசை தன் வழியே செல்லலாம். ஆரட்டோரியோவெனின் சொல்லுக்கு அது கடமைப்பட்டது. ஆகவே இத்தட்டைச் சொல்லின் துலாக்கோலில் நிறுப்பதே முறை.

இங்கிலாந்தில் 'மூடி புளூஸ்' என்னும் ராக் குழுவினர் 1967இல் பல்லியத்தோடு சேர்ந்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டனர். அதில் குழுவின் பாட்டும் பல்லியமும் பெரும்பாலும் மாறிமாறி வரும். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே பல்லியம் பாலமாகும். இளையராஜா மேற்கொண்டது அதனினும் கடினமான பணி. இங்கே நரம்புக் கருவிகளும் தமிழ்ச் சந்தமும் ஒரே மூச்சில் நடக்கவேண்டும்.

மரபு வழுவிற்று என்போர் கூற்று ஆராயத்தக்கது. தேவாரம் பண்முறையாய் வகுக்கப்பெற்றது. திருவாசகத்துக்கு அத்தகைய பண்ணடைவு இல்லை. ஓதுவார் அதனை மோகனத்தில் பாடுவது வழக்காறு. வழக்காறு போற்றத்தக்கதே, எனினும் அதனைக் கடந்தமையால் நூலின் கட்டளை எதுவும் உடையவில்லை. உடையக்கூடாதது யாப்பின் நடை.

அந்நடை சிறப்புற அமைந்த இடம் திருப்பொற்சுண்ணம். மகளிர் கூடிச் சுண்ணம் இடிக்கும்போது பாடுவதாக மணிவாசகர் யாத்த பதிகம் அது; உலக்கையின் ஏற்ற இறக்கம் பாட்டிலேயே உண்டு. அங்கே பல குரல் சேர்வது வெறும் அணியன்று; பதிகமே வேண்டுவது. ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த பேராக் தமிழர்க்கு, பலர் கூடிச் செய்யும் உழைப்பில் பாட்டுப் பிறக்கும் என்பதை விளக்கவேண்டுவதில்லை. அச்சப்பத்தும் அவ்வாறே. அஞ்சத்தக்கவற்றுக்கு அஞ்சேன் என அடுக்கி, அன்பிலாரைக் கண்டால் அஞ்சுவேன் என முடியும் அதன் முரணுக்கு விரைந்த தாளம் பொருந்துகிறது.

இடர்ப்பாடு சிவபுராணப் பகுதியிலே உள்ளது. புல் முதலாகப் பல பிறப்பும் பிறந்து இளைத்ததை அடிகள் வரிசைப்படுத்தும் இடத்தில், இசையும் படிப்படியாய் விரிவது நன்று. ஆனால் இடையிடையே வரும் ஆங்கிலம் வேறொரு மனிதனைக் காட்டுகிறது. அங்கே பேசுபவன் குறையுடைய எளிய மனிதன். தமிழில் பேசுபவரோ நாயினும் கடைப்பட்டவராய்த் தம்மைத் தாழ்த்திக்கொள்பவர். இவ்விரண்டும் ஒன்றல்ல. குறையுடையவன் தேறலாம்; நாயாய்க் கிடந்தவனுக்கு அருள் ஒன்றே வழி. மணிவாசகரின் உருக்கமெல்லாம் இவ்வேறுபாட்டில் நிற்கிறது. உலகோர் விளங்கிக்கொள்ளட்டும் என்னும் நல்லெண்ணம், அவர் விளங்கிக்கொள்ள வேண்டியதையே மென்மைப்படுத்திவிட்டது.

மற்றொரு குறை, கூட்டுக்குரல் செறியும் இடங்களில் சொல் மங்குவது. பாடலை முன்பே மனனம் செய்தவர்க்குப் பொருள் தெளியும்; செய்யாதவர்க்கு ஒலி மட்டுமே எஞ்சும். ஒலி மட்டும் எஞ்சுவதற்கு நம் அண்டை நாடே சான்று. சயாம் அரண்மனையின் திரியம்பாவை விழாவில் திருவெம்பாவை ஓதப்பட்டு வந்தது. ஆயினும் ஓதியோர்க்கு அது தமிழ் என்னும் உணர்வு மறைந்தது. கடல் கடந்த சொல் மந்திரமாய்ச் சுருங்கிற்று. மலேசியத் தமிழ் மாணவனுக்கும் அந்நிலை வாராது என்று யார் உறுதி கூறுவர்? மார்கழி வைகறையில் பாடக் கேட்ட தோட்டங்கள் பல இன்று இல்லை, ஓதுவாரும் அருகினர். அவன் காதில் திருவாசகம் முதன்முதல் விழுவது இவ்விசைத்தட்டின் வழியாகவே இருக்கலாம்.

ஆதலின் இத்தட்டை விலக்குவது அறிவுடைமையாகாது. இதுவே போதும் என்பதும் பொருந்தாது. ஆசிரியர் பதிகத்தைச் சீர் பிரித்து ஓதுவித்து, பொருள் உணர்த்தி, அதன்பின் இசையைக் கேட்பிப்பாராக. அப்போது எங்கே இசை சொல்லை ஏந்துகிறது, எங்கே அமிழ்த்துகிறது என்பதை மாணவனே சொல்லுவான். சொல்லை அறிந்த செவிக்கு இவ்விசை பெருவிருந்து.